வ.உ.சி.யைச் சிறைக்கு அனுப்பிய சட்டத்தை விடுதலைக்குப் பிறகும் ஏன் வைத்துக்கொண்டோம்?

கேள்வி இரண்டு பகுதிகளைக் கொண்டது. 1908-இல் வ.உ.சிதம்பரனாரைத் தண்டித்த, இந்திய தண்டனைச் சட்டத்தின் ராஜத்துரோகப் பிரிவான 124-ஏ-வை, அதே பிரிவில் சிறை சென்றவர்களின் கட்சி 1947-இல் ஆட்சிக்கு வந்ததுமே ஏன் நீக்கவில்லை, அது போலித்தனம்தானே என்பது முதல் பகுதி. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, இனியாவது அந்தக் காலனிய மிச்சம் தீர்ந்ததாகக் கொள்ளலாமா என்பது இரண்டாவது. போலித்தனம் என்ற ஒரு சொல்லுக்குள் இதை அடக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன். போலித்தனம் மட்டும்தான் என்றால் ஆளை மாற்றினால் போதும். இங்கே ஆள் பலமுறை மாறியிருக்கிறார்கள். சட்டம்தான் மாறாமல் இருந்தது. ஆகவே நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் குணத்தை ஆராய்வதைவிட, அந்த நாற்காலி எப்படிச் செய்யப்பட்டது என்று பார்ப்பதே பயன் தரும்.

124-ஏ பிரிவு, தண்டனைச் சட்டத்துக்கு மெக்காலே தயாரித்த 1837-ஆம் ஆண்டு வரைவில் இருந்தது, 1860-இல் அந்தச் சட்டம் நிறைவேறியபோது விடுபட்டது, 1870-இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. 1897-இல் திலகர் மீதான முதல் வழக்குக்குப் பிறகு, 1898-இல் அதன் வீச்சு இன்னும் அகலமாக்கப்பட்டது. சட்டத்தால் நிறுவப்பட்ட அரசின் மீது வெறுப்பையோ அவமதிப்பையோ பற்றின்மையையோ தூண்டுவது குற்றம் என்பது அதன் சாரம். வன்முறை நடந்ததா, நடக்க இருந்ததா என்ற கேள்வியே அதன் வாசகத்தில் இல்லை. அரசு குடிமக்களிடம் அன்பை எதிர்பார்க்கிறது, அன்பு குறைந்தால் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்ற விசித்திரமான ஏற்பாடு அது. 1922 மார்ச்சில் அகமதாபாத் நீதிமன்றத்தில் இதே பிரிவின் கீழ் நின்ற காந்தி, அன்பைச் சட்டத்தால் உற்பத்தி செய்ய முடியாது என்று கூறியதும், குடிமக்களின் சுதந்திரத்தை ஒடுக்குவதற்கான அரசியல் பிரிவுகளிலேயே இதுதான் இளவரசன் என்று வர்ணித்ததும் இந்த விசித்திரத்தைத்தான் சுட்டின.

தூத்துக்குடியில் நடந்ததை இங்கே நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி., 1908 தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். மார்ச் 12 அன்று கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்து, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனையும், சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 இறுதியில் அவர் வெளியே வந்தார். கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்ததை நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அவருடைய குற்றம் பேசியது. அந்தக் குற்றத்துக்கு அன்று தமிழில் ராஜத்துரோகம் என்று பெயர். இன்று அதே பிரிவைப் பற்றிப் பேசும்போது நாளிதழ்கள் தேசத்துரோகம் என்று எழுதுகின்றன. ராஜா இருந்த இடத்தில் தேசம் வந்து உட்கார்ந்துவிட்டது. ராஜாவை எதிர்ப்பது வீரமாகத் தோன்றக்கூடும், தேசத்தை எதிர்ப்பது அப்படித் தோன்றாது. எனவே இந்தச் சொல் மாற்றம் பிரிவுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் இல்லாத ஒரு தார்மீக வலிமையைக் கொடுத்தது.

சட்டப் புத்தகத்தில் நடந்த மாற்றம் அதைவிடச் சிறியது. அரசமைப்பின் 372-ஆம் கூறு, ஏற்கெனவே நடப்பில் உள்ள சட்டங்கள் மாற்றப்படும் வரை தொடரும் என்றது. 1950-இல் சட்டங்களைத் தகவமைக்கும் ஆணை வந்தபோது, 124-ஏ பிரிவிலிருந்து முடியரசைக் குறித்த சொற்கள் அடிக்கப்பட்டு, இந்தியாவில் சட்டத்தால் நிறுவப்பட்ட அரசு என்பது மட்டும் மிஞ்சியது. ஒரு பேரரசு போய் ஒரு குடியரசு வந்ததற்கு அந்தப் பிரிவில் கிடைக்கும் தடயம், சில சொற்களின் மீது போடப்பட்ட ஒரு பேனாக் கோடுதான்.

ஆனால் கதையை 1947-இலிருந்து தொடங்குவதே தவறு. மாகாண சுயாட்சியின் கீழ் 1937-இல் சென்னையில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்தது. அந்த ஆண்டே, எஸ்.எஸ்.பாட்லிவாலா என்ற காங்கிரஸ் சோஷலிஸ்ட் மீது, அவர் ஆற்றிய உரைகளுக்காக, அதே 124-ஏ பிரிவின் கீழ் சென்னை அரசு வழக்குத் தொடுத்தது. காங்கிரஸ்காரர் மீது காங்கிரஸ் அரசு போட்ட ராஜத்துரோக வழக்கு! நேரு இதனால் கொதித்துப்போனார். அடுத்த ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டம் வந்தது. சட்டமறுப்பு இயக்கத்தை நசுக்க 1932-இல் கொண்டுவரப்பட்டதும், காங்கிரஸே கடுமையாகக் கண்டித்ததுமான குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம், இப்போது மறியல் செய்த தமிழ் இளைஞர்கள் மீது பாய்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். பெரியார் தண்டிக்கப்பட்டு பெல்லாரிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். சிறைவாசத்தின்போது நோயுற்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-இன் தொடக்க மாதங்களில் இறந்தனர். இவ்வளவும் வெள்ளைக்கார ஆளுநர் மேலே அமர்ந்திருக்க, இந்தியர்கள் கையெழுத்திட்டு நடந்தவை. சட்டத்தைப் பயன்படுத்தும் பழக்கம் விடுதலைக்குப் பத்தாண்டு முன்பே கைக்கு வந்துவிட்டது என்பதைக் கவனிக்காமல் 1947-ஐப் புரிந்துகொள்ள முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1947-இல் வந்த அரசின் முன் பிரிவினைக் கலவரம் இருந்தது, அகதிகள் இருந்தனர், காஷ்மீர்ப் போர் இருந்தது, ஐதராபாத் இருந்தது, தெலங்கானாவில் ஆயுதமேந்திய எழுச்சி இருந்தது. ஒரே இரவில் பழைய சட்டங்கள் எல்லாவற்றையும் ரத்து செய்திருந்தால், திருடனைப் பிடிக்கும் சட்டமும் சேர்ந்தே போயிருக்கும். அந்த வேளையில் கையில் இருந்த ஒரே கருவி ஆங்கிலேயர் செய்த கருவி; அதை இயக்கத் தெரிந்தவர்கள் ஆங்கிலேயர் பயிற்றுவித்த அதிகாரிகளும் காவலர்களும். தம்மைச் சிறையில் அடைத்த, ஆங்கிலேயர் கால உயர் அதிகாரிகளின் பணியான ஐ.சி.எஸ். அமைப்பை 1949-இல் அரசமைப்பு அவையில் எழுந்து பாதுகாத்துப் பேசியவர் படேல். அவருக்கு அந்த அமைப்பின் மீது காதல் இருந்ததாகச் சொல்ல முடியாது. அது இல்லாமல் நாடு சிதறும் என்ற அச்சம் இருந்தது. அச்சம் நியாயமானதே. அச்சம் தணிந்த பிறகும் கருவி கீழே வைக்கப்படவில்லை என்பதுதான் குறை.

கீழே வைக்கவே முடியாது என்பதும் உண்மையில்லை. 1911-இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டத்தை, மக்கள் ரேகைச் சட்டம் என்று அழைத்த அந்தக் கொடுமையை, சென்னை அரசு 1947-இல் ஒழித்துக் காட்டியது. பிறந்த சாதியின் காரணமாகவே ஆண்கள் கைரேகை வைத்து, இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுத்துக்கிடக்க வேண்டியிருந்த நிலைக்கு எதிராக, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் எழுந்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்திருந்தார்கள். முத்துராமலிங்கத் தேவரும் ஜீவாவும் பி.ராமமூர்த்தியும் அந்தச் சட்டத்துக்கு எதிராகத் தொடர்ந்து பேசிவந்தார்கள். அழுத்தம் இருந்த இடத்தில் சட்டம் போயிற்று. ஆனால் அது போன மறு ஆண்டே, 1948-இல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைச் சென்னை இயற்றிக்கொண்டது. சாதியின் பெயர் நீங்கியது. கண்காணிக்கும் அதிகாரம் தங்கிவிட்டது.

இந்தச் சிக்கலின் முழு உருவமும் தெரியும் இடம், அரசமைப்பு நடைமுறைக்கு வந்த முதல் பதினைந்து மாதங்களில் சென்னை அரசை ஒரு தரப்பாகக் கொண்டு உச்ச நீதிமன்றத்தில் முடிந்த மூன்று வழக்குகள்தான் என்பது என் எண்ணம். வழக்கறிஞர்கள் இவற்றை மூன்று தனித்தனி அத்தியாயங்களில் படிக்கிறார்கள். சேர்த்துப் படித்தால்தான் விஷயம் துலங்கும்.

முதலாவது ஏ.கே.கோபாலன் வழக்கு. 1947 ஆகஸ்டு 15 விடிந்தபோது கண்ணூர்ச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் அவர். அக்டோபரில் விடுவிக்கப்பட்டு டிசம்பரில் மறுபடி பிடிக்கப்பட்டார். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 பேர் இறந்தார்கள். அதே மாதக் கடைசியில் நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. மார்ச் 1 அன்று கோபாலனுக்குப் புதிய சட்டத்தின் கீழ் புதிய ஆணை வழங்கப்பட்டது. மே 19 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. காவலில் வைத்ததற்கான காரணங்களை நீதிமன்றத்திடமே சொல்லக்கூடாது என்ற 14-ஆவது பிரிவு மட்டும் செல்லாது என்றது. விசாரணையின்றிச் சிறை வைக்கும் அதிகாரம் அரசமைப்பின் 22-ஆம் கூறிலேயே, அதாவது அடிப்படை உரிமைகள் பகுதிக்குள்ளேயே, இடம் பெற்றிருந்ததால் நீதிபதிகளுக்கு இருந்த இடைவெளியும் குறுகியதுதான்.

இரண்டாவது, ஒரு வாரம் கழித்து மே 26 அன்று வந்த ரொமேஷ் தாப்பர் தீர்ப்பு. கிராஸ் ரோட்ஸ் என்ற பம்பாய் வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று மாகாண அரசு பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ் தடை போட்டிருந்தது. பதஞ்சலி சாஸ்திரி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, பொது ஒழுங்கு என்பது பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசமைப்பு அனுமதித்த காரணங்களில் இல்லை என்று கூறித் தடையை நீக்கியது. அரசமைப்பு அவையில் 1948 டிசம்பரில் கே.எம்.முன்ஷி வாதாடி, பேச்சுரிமைக்கான விதிவிலக்குகளிலிருந்து ராஜத்துரோகம் என்ற சொல்லை நீக்கவைத்திருந்ததன் பலன் இங்கே தெரிந்தது. அதே முன்ஷிதான் 1937-இல் பம்பாயில் உள்துறை அமைச்சராக இருந்தவர் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். மனிதர்கள் அவ்வளவு எளிதில் ஒரு பெட்டிக்குள் அடங்குவதில்லை. இன்னொரு சுவையான செய்தி, கோபாலனுக்குச் சாதகமாக மாறுபட்டு எழுதிய நீதிபதி ஃபசல் அலி, தாப்பர் வழக்கில் அரசுக்குச் சாதகமாக மாறுபட்டார்.

மூன்றாவது செண்பகம் துரைராஜன் வழக்கு. 1920-களில் நீதிக்கட்சி வழி திறந்து, சுப்பராயன் அமைச்சரவையில் எஸ்.முத்தையா முதலியார் நடைமுறைப்படுத்தி, பின்னர் திருத்தப்பட்ட வகுப்புவாரி ஆணையின்படி, கல்லூரி இடங்கள் 14 என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிடப்பட்டிருந்தன. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் உருவானவற்றுள், விசாரணையில்லாமல் சிறை வைக்கும் அதிகாரம் புதிய அரசமைப்பில் பிழைத்துக்கொண்டது. ஒடுக்கப்பட்டோருக்குக் கல்லூரி வாசலைத் திறந்த ஆணை அதே அரசமைப்பில் மடிந்தது. காலனிய மிச்சம் எல்லாவற்றையும் தூக்கி எறி என்ற முழக்கத்துக்கு இந்த இடத்தில்தான் குரல் இடறுகிறது. தமிழ்நாட்டில் பிராமணரல்லாதார் இயக்கமும் தலித் இயக்கமும் வெள்ளையர் ஆட்சியைப் பார்த்த பார்வை காங்கிரஸின் பார்வையாக இருக்கவில்லை என்பதற்குக் காரணம் விசுவாசம் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். உள்ளூர் ஆதிக்கத்தின் பிடியைத் தளர்த்த வெளியே ஒரு நெம்புகோல் கிடைத்தால் அதைப் பயன்படுத்துவது அரசியல்; விசுவாசம் என்ற சொல் அதற்குப் பொருந்தாது.

அந்த இரண்டு தோல்விகளுக்கும், அதாவது தாப்பர் வழக்கின் தோல்விக்கும் செண்பகம் வழக்கின் தோல்விக்கும், நேரு அரசு ஒரே மருந்தைக் கொடுத்தது. 1951 ஜூனில் நிறைவேறிய முதல் அரசமைப்புத் திருத்தம், தமிழகத்தில் எழுந்த போராட்டத்துக்குப் பணிந்து 15(4) என்ற உட்பிரிவைச் சேர்த்து இடஒதுக்கீட்டுக்கு வழி செய்தது. அதே திருத்தம் 19(2)-இல் பொது ஒழுங்கு என்ற சொல்லைச் சேர்த்துப் பேச்சுரிமையின் வேலியை உள்ளே தள்ளிப் போட்டது. நியாயமான கட்டுப்பாடு என்று இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒரு சிறு ஆறுதலாக உடன் வந்தது. நம் சமூக நீதியும் நம் தணிக்கை அதிகாரமும் ஒரே மசோதாவில் பிறந்த இரட்டைகள் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. பொதுத் தேர்தல் ஒன்றுகூட நடக்காத நிலையில், இடைக்கால நாடாளுமன்றம் இதைச் செய்யலாமா என்று சியாமா பிரசாத் முகர்ஜி கடுமையாக எதிர்த்தார். அந்த விவாதத்தில்தான் நேரு 124-ஏ பிரிவை அருவருக்கத்தக்கது என்றும், எவ்வளவு சீக்கிரம் ஒழிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றும் சொன்னார். சொன்னவர் அதன் பிறகு பதின்மூன்று ஆண்டுகள் பிரதமராக இருந்தார். பிரிவு இருந்தது. 1950-இல் பஞ்சாப் உயர் நீதிமன்றமும் 1958-இல் அலகாபாத் உயர் நீதிமன்றமும் செல்லாது என்று சொன்ன அதை, 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறையையும் ஒழுங்கின்மையையும் தூண்டும் பேச்சுக்கு மட்டும் என்று சுருக்கி உயிரோடு வைத்தது. அந்தச் சுருக்கம் தீர்ப்பில் இருந்தது. காவல் நிலையத்துக்கு வந்து சேரவில்லை.

124-ஏ பற்றியே பேசிக்கொண்டிருப்பது ஒரு வகையில் திசைதிருப்பல் என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு. வங்காளத்தின் 1818-ஆம் ஆண்டு மூன்றாம் ஒழுங்குவிதியும், அதன் மறு ஆண்டில் சென்னைக்கு வந்த இரண்டாம் ஒழுங்குவிதியும் செய்த காரியம் இதைவிட ஆழமானது. நீதிமன்றத்தில் வழக்காடும் அளவுக்கு ஆதாரம் இல்லாதவரையும், அரசின் நலன் கருதி அடைத்து வைக்கலாம் என்பது அவற்றின் ஏற்பாடு. அந்த எண்ணத்தின் இன்றைய வடிவத்தைத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும்: குண்டாஸ். 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டம் கள்ளச் சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், விபசாரத் தொழில் நடத்துவோர், குடிசைப் பகுதி நிலங்களை அபகரிப்போர் என்று தொடங்கியது. பின்னர் வனக் குற்றவாளிகள், திருட்டு விசிடி விற்போர், மணல் கடத்துவோர், இணையக் குற்றவாளிகள், பாலியல் குற்றவாளிகள் என்று ஒவ்வொரு பருவத்தின் கோபத்துக்கும் ஒரு பெயர் சேர்ந்துகொண்டே வந்தது. ஆணையின் அமைப்பு எப்போதும் ஒன்றுதான். ஆட்சியரோ காவல் ஆணையரோ, இன்னார் வெளியே இருந்தால் பொது ஒழுங்குக்குப் பாதகம் என்று திருப்தி அடைகிறார். அந்தத் திருப்தியே ஓராண்டு வரையிலான காவலுக்கு அடிப்படை. பிறகு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்படுகிறது. கைதிக்குக் கொடுத்த ஆவணத் தொகுப்பில் ஒரு பக்கம் படிக்க முடியாதபடி இருந்தது, ஓர் ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு கொடுக்கவில்லை, மனுவைப் பரிசீலிக்கச் சில நாள் தாமதம் ஆயிற்று என்ற காரணங்களால் ஆணை ரத்தாகிறது. அதற்குள் மாதங்கள் போயிருக்கும். அதிகாரி அடைந்த திருப்தி சரியா என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே கோப்பு மூடப்படுகிறது.

கட்சிகளின் அனுபவம் இதில் ஒரு பாடமாக மாறவில்லை. 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டு, அவசரநிலைக் காலத் தடுப்புக் காவல் சட்டமான மிசாவில் அடைபட்ட தி.மு.க.வினரைத் தமிழ்நாடு மறக்கவில்லை, ஆனால் எந்த ஆட்சியிலும் குண்டாஸ் ஓய்ந்ததில்லை. 2002-இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா வந்தபோது அதைக் கொண்டுவந்த கூட்டணியில் ம.தி.மு.க. இருந்தது; அந்த ஆண்டு ஜூலையிலேயே வைகோ அதே சட்டத்தில் கைதாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தார்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோயும் அன்று. இலங்கையின் பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1947-இல், விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பு, வேலைநிறுத்தங்களை ஒடுக்க இயற்றப்பட்டது. பின்னாளில் தமிழர்கள் அனுபவித்த அவசரகால ஆட்சிகள் அனைத்தும் அந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மேல்தான் நின்றன. மலேசியாவில் 1948-ஆம் ஆண்டின் தேசநிந்தனைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சிங்கப்பூர் தன்னுடையதை 2021-இல் ரத்து செய்ய முடிவெடுத்தது. இந்தக் குற்றத்தை உலகெங்கும் ஏற்றுமதி செய்த பிரிட்டனோ, 2009-இலேயே சட்டம் இயற்றித் தன் வீட்டில் அதை ஒழித்துக்கொண்டது.

இனி இரண்டாவது பகுதி. 2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 124-ஏ வழக்குகளை நிறுத்தி வைத்தது. புதிய சன்ஹிதாவில் ராஜத்துரோகம் என்ற பெயரில் பிரிவு இல்லை. 152-ஆவது பிரிவு இருக்கிறது. அரசின் மீதான வெறுப்பு என்ற பழைய அளவுகோல் போய், நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு ஆகியவற்றுக்கு ஆபத்து விளைவிப்பது என்பது வந்திருக்கிறது. அரசை விமர்சிப்பதையும் நாட்டை உடைக்க முயல்வதையும் பிரித்துப் பார்ப்பதற்கான ஒரு முயற்சி என்ற அளவில் இதை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்பு ஆயுள் அல்லது மூன்றாண்டு வரை என்றிருந்த தண்டனை இப்போது ஆயுள் அல்லது ஏழாண்டு வரை என்றாகியிருக்கிறது. பிரிவினை எண்ணங்களை ஊக்குவிப்பது என்பன போன்ற சொற்கள் எவ்வளவு தூரம் இழுபடும் என்பதும் முதலில் காவல் ஆய்வாளர் கையில்தான் இருக்கும். பெயர் மாற்றத்தை வைத்து முடிவுக்கு வர நான் தயாராக இல்லை.

தடுப்புக் காவலைப் பொறுத்தவரையோ வெள்ளையரை நோக்கிக் கைநீட்டவே வழியில்லை. அவசரநிலைக் கொடுமைகளைப் பார்த்த பிறகு, 1978-இல் நாடாளுமன்றம் 44-ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. அதன் மூன்றாவது பிரிவு, காவல் ஆணையைப் பரிசீலிக்கும் ஆலோசனைக் குழுவின் கருத்தைப் பெறாமல் ஒருவரைக் காவலில் வைக்கக்கூடிய காலத்தை மூன்று மாதங்களிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அந்தக் குழுவை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்க வேண்டும் என்றது. திருத்தத்தின் மற்றப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இந்தப் பிரிவு நடைமுறைக்கு வர மத்திய அரசு அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டும். 1981-இல் முடிவான ஏ.கே.ராய் வழக்கில் இதை உச்ச நீதிமன்றத்திடம் கேட்டபோது, அறிவிப்பு வெளியிடுமாறு அரசுக்குக் கட்டளையிட முடியாது என்று அது சொல்லிவிட்டது. அதன் பிறகு பல கட்சிகளைச் சேர்ந்த பிரதமர்கள் வந்து போயிருக்கிறார்கள். அந்த அறிவிப்பு இன்னும் வெளியாகவில்லை.